எர்பியம் லேசர் போட்ட குழிக்கு ஆசிட் எட்ச் வேண்டுமா?

கடைவாய்:
கிளாஸ் 5 (ஈறோரக் குழி) காம்போசிட்டுக்கு, அதாவது பல்நிற அடைப்புக்கு, எர்பியம் யாக் லேசரில் குழி எடுத்தால் ஆசிட் எட்ச் (பல்லை ஆசிட் ஜெல்லால் சொரசொரப்பாக்குவது) தேவையில்லை என்கிறார்கள் கருவி விற்க வருபவர்கள். லேசர் பட்ட எனாமலும் (பல்லின் மேலோடு) எட்ச் செய்தது போலவே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத்தான் தெரிகிறது. எட்சுக்கு வைக்கும் 37% பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை விட்டுவிடலாமா?

பல்லாண்டு:
கூடாது டாக்டர். அந்த வெளுப்பை நம்பவே நம்பாதீர்கள். ஆசிட் எனாமலைக் கரைத்து நுண்துளை போடுகிறது. பாண்டில் (அடைப்பை ஒட்டும் பசை) உள்ள ரெசின் அதில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த எர்பியம் லேசர் கரைப்பதில்லை. பல்லுக்குள் இருக்கும் நீரைச் சட்டென ஆவியாக்கி, எனாமலைச் சில்லுசில்லாகத் தெறிக்க வைக்கிறது. மேற்பரப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் மயிரிழை விரிசல். பாண்ட் ஒட்டுவது தளர்ந்த சில்லின் மேல். காம்போசிட் சுருங்கும்போது சில்லோடு பெயர்ந்து வரும். பிறகு ஓரத்தில் கசிவு, பழுப்புக் கோடு.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஸ்மியர் லேயர் (வெட்டும்போது படியும் தூள்படலம்) இல்லை, நுண்குழல்கள் திறந்திருக்கின்றன என்று படம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் மேலடுக்கில் கொலாஜன் நார் சூட்டில் உருகி ஒட்டிக் கிடக்கும், ரெசின் நுழைய இடுக்கே இருக்காது.

ரப்பர்டேம்:
செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். லேசர் முடிந்ததும் எனாமல் விளிம்பை ஃபினிஷிங் டைமண்டால் (நுண்ணிய வைரத்துகள் முனை) லேசாகத் தேய்த்து, ஆடும் சில்லை எடுங்கள். ஜெல்லை முதலில் எனாமலில் வையுங்கள். 15 நொடி கழித்து டென்டினிலும் வைத்து இன்னொரு 15 நொடி. அதற்கு மேல் டென்டினில் விட்டால் பாண்ட் எட்டாத ஆழம்வரை கரைந்து, கூச்சம் வரும். 15 நொடியாவது கழுவுங்கள். டென்டினைக் காற்றடித்துக் காயவைக்காமல் பஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் கொலாஜன் படுத்துவிடும். பாண்டை 20 நொடி தேய்த்து, அலையடிப்பது நிற்கும்வரை மெல்ல ஊதி, லைட் க்யூர் (ஒளியால் இறுகவைப்பது). எட்ச் செய்த எனாமலில் எச்சில் பட்டால் கழுவி, மறுபடி 10 நொடி ஜெல்.

தருமபுரிப் பக்கத்து ஃப்ளோரோசிஸ் பல் (தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பாதித்த பல்) என்றால் எனாமலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

கடைவாய்:
யுனிவர்சல் பாண்ட் (எட்ச் செய்தும் செய்யாமலும் போடக்கூடியது) போட்டாலுமா?

பல்லாண்டு:
எனாமலுக்கு அப்போதும் ஜெல் உண்டு. டென்டினை விட்டுவிடலாம், பெரும்பாலான யுனிவர்சல் பாண்டில் இருக்கும் எம்டிபி (பல்லோடு வேதியியலாக ஒட்டும் பொருள்) அங்கே பார்த்துக்கொள்ளும். லேசரின் லாபம் வெட்டுவதில்தான்: அதிர்வில்லை, பல நேரம் ஊசியும் வேண்டாம். குழியில் பழைய அமால்கம் (பாதரசக் கலவை அடைப்பு) இருந்தால் மட்டும் அதன்மேல் கதிர் படவிடாதீர்கள், பர் (சுழலும் துளைமுனை) போட்டே எடுங்கள்.