விறகடுப்பு பீட்சா: பழைய குடும்பக் கடைகளின் பக்குவம்
(பாண்டி, கடலூர்க்காரர்கள் பேசிக்கொள்வது; பேசுபவர் பெயருக்குப் பதில் அவரவர் பகுதியின் பெயர்)

முத்தியால்பேட்டை:
பாண்டியில் அப்பா அடுப்படியிலும் பிள்ளை கல்லாவிலும் நிற்கிற பழைய பீட்சா கடைக்குப் போனால், மெனுவுக்கு முன்னால் அடுப்பை ஒரு பார்வை பாருங்கள். தீ மூட்டியதும் உள்கூரையில் கரி படியும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுக்கும். இதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். வெளுக்கும் முன்னே போட்டால் சீஸ் உருகிவிடும், அடி வேகாது. தளத்தில் ஒரு சிட்டிகை மைதா தூவுவார்கள். போட்டதும் கருகினால் சூடு அதிகம், ஈரத்துணி சுற்றிய கம்பால் ஒரு துடை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணியில் 60 முதல் 90 விநாடிதான். நம்மாட்கள் பனீர், குடமிளகாய், கோழி என்று மேலே ஏற்றுவதால் 300 டிகிரி வாக்கில் மூன்று, நான்கு நிமிடம் விடுவதே சரி.

மஞ்சக்குப்பம்:
விறகை விட்டுட்டீங்களே அண்ணா! நம்ம கரையோரத்துச் சவுக்குதான் இதுக்குத் தோது, நின்னு எரியும். மணிக்கட்டு கனத்துக் கட்டை போதும். ஐப்பசி, கார்த்திகையில்தான் தொல்லை: ஈரக்கட்டை நுனியில் நுரை தள்ளும், புகையும், சூடு ஏறவே ஏறாது. இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டால் காய்ந்தது, சத்தம் அமுங்கினால் ஈரம். பெயின்ட் அடித்த பலகையை எரிக்கிற கடையில் சாப்பிடவே வேண்டாம்.

லாஸ்பேட்டை:
மாவுக் கணக்கு: மைதா 1 கிலோ, தண்ணீர் 580 மில்லி, உப்பு 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். வெளிநாட்டுக் குறிப்புகளில் 650 மில்லி வரை இருக்கும். நம் கடை மைதாவில் பெரும்பாலும் புரதம் குறைவு, அவ்வளவு தண்ணீர் தாங்காது, விரிக்கும்போது நடுவில் கிழியும். சித்திரையில் ஐஸ் தண்ணீர்தான். 250 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, மூடி, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். விரிக்க ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுக்கணும். அதிகம் புளித்தால் உருண்டை தளர்ந்து பரவும், புளிச்ச வாடை வரும். மாவிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுவதால் ஓரம் எவ்வளவு சுட்டாலும் சிவக்காது.

வில்லியனூர்:
அடி கறுத்துடுது, மேலே பச்சையாவே நிக்குது. ஏன்?

முத்தியால்பேட்டை:
தம்பி, உங்க அடுப்பில் கனல் மட்டும் இருக்கு, கொழுந்து இல்லை. கனலை ஒரு பக்கம் ஒதுக்கி, மெல்லிய கட்டை ஒன்று போட்டுத் தீ கூரையைத் தடவும்படி விடுங்க. அடியில் ஒட்டிய உதிரி மாவையும் தட்டிவிடுங்க, முதலில் கருகுவது அதுதான்.

நடுவில் தண்ணி நின்றால் குற்றம் சீஸிலும் தக்காளியிலும். ஆரோவில் பக்கம் கிடைக்கிற புது மொசரெல்லாவை நறுக்கிச் சல்லடையில் இரண்டு மணி நேரம் வடிய விடணும். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். விதையை எடுத்து, கையால் நசுக்கி, உப்புப் போட்டு வடிகட்டுங்க. ஒரு உருண்டைக்குச் சாஸ் 70 கிராம், சீஸ் 80 கிராம். இதுக்கு மேல போடுவது தாராளம் இல்லை, நனைச்சு வைக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்:
கடலூருக்குப் பார்சல் கொண்டு வர்றவங்களுக்கு: பெட்டி மூடியை விரலளவு திறந்தே வையுங்க, இல்லாவிட்டால் ஆவி அடங்கி அடி நமத்துப்போகும். வீட்டில் தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் மூன்று நிமிடம். கல்லின் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அரை நிமிடம் மூடினால் சீஸும் இளகிடும். மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத்தான்.