அப்பா அம்மா இந்தியாவில்: அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

தென்கரை:
அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு. பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனத்தில் வேலை; சீக்ரெட் கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்க அனுமதி) வேண்டும். அப்பா ஓய்வுபெற்ற மாநில அரசு ஊழியர். அம்மா, தங்கையும் இந்தியாவில்தான். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அப்பாவோடு ஜாயின்ட் அக்கவுன்ட், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இரண்டும் உண்டு. நிராகரித்துவிடுவார்களா?

படிவம்86:
உறவு வெளிநாட்டில் இருப்பதற்காக மட்டும் யாரையும் தள்ளுவதில்லை. கிளியரன்ஸ் யாருக்குத் தரலாம் என்று சொல்லும், 2017-இல் நடைமுறைக்கு வந்த சீட்-4 உத்தரவில் 13 விதிப்பிரிவுகள். உங்களுக்கு முக்கியம் 'பி' பிரிவு, அந்நியச் செல்வாக்கு. அந்த உறவைப் பிடித்து யாராவது உங்களை நெருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. எந்த நாடு, அவர்கள் அங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள், உங்கள் வாழ்க்கை அமெரிக்காவில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று எடை போடுவார்கள். மாநில அரசு பென்ஷன் வாங்கும் அப்பா வேறு, ராணுவத்திலோ உளவுத் துறையிலோ இருக்கும் அண்ணன் வேறு.

ஓசிஐ குடியுரிமை ஆகாது. ஆனால் பழைய இந்திய பாஸ்போர்ட்டை, ஒப்படைத்துவிட்டிருந்தாலும், கிளியரன்ஸுக்கான விண்ணப்பமான எஸ்எஃப்-86 படிவத்தின் 10-ஆம் பிரிவில் எழுதணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மாலைவெயில்:
விண்ணப்பிக்கும் முன்னாடியே அந்த அக்கவுன்ட்டை மூடிட்டா பேச்சே இல்லையே?

படிவம்86:
மூடினாலும் எழுதித்தான் ஆகணும். படிவத்தின் 20ஏ பிரிவு 'எப்போதாவது இருந்ததா' என்றுதான் கேட்கிறது. சொத்தும் அப்படியே: இனி கைக்கு வரும் என்று எதிர்பார்க்கும் வீடு, நிலம்கூடச் சேரும். அனுப்பும் பணமும் இதே பிரிவில். தொகையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதும் வேண்டும். வங்கி ரசீதுகளோடு ஒத்துப்போகிற தொகையாக எழுதுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், மாமனார், மாமியார் எல்லாம் 18-இல். பிறந்த தேதி, முகவரி, எப்படி எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள், கடைசியாக எங்கே வேலை என்று ஒவ்வொருவருக்கும் கேட்கும். முதலிலேயே வீட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா பையன், கல்லூரி நண்பர் என்று கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமாகப் பழகிய வெளிநாட்டுக் குடிமக்கள் 19-இல். வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கும் எல்லோரும் இல்லை. பாசமோ கடமையோ பிணைத்திருப்பவர்கள் மட்டும்.

கணக்குப்பிள்ளை:
ஜாயின்ட் அக்கவுன்ட் விஷயத்தில் இன்னொன்று. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்குகள் பற்றி அமெரிக்க அரசுக்குத் தரும் அறிக்கை) தாக்கல் செய்திருக்கணும். அப்பாவின் பணம்தானே என்ற சாக்கு எடுபடாது. செய்யாமல் விட்டிருந்தால் வரி ஆலோசகரிடம் போய் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் 'பி' பிரிவில் தப்பித்து, நிதிப் பிரிவான 'எஃப்'-இல் மாட்டுவீர்கள்.

படிவம்86:
உண்மை. விசாரணை முடியும் முன்பே தற்காலிகமாகத் தரும் இடைக்கால கிளியரன்ஸ் வரவில்லை என்றாலும் பதறவேண்டாம், அது இறுதி முடிவு இல்லை. ஆட்சேபக் காரணங்களைப் பட்டியலிட்டுக் கடிதம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்: ஒப்பந்த ஊழியர் 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் தரணும், நீதிபதி முன் விசாரணை வேண்டுமானால் அதிலேயே கேட்கணும். கிளியரன்ஸ் கிடைத்த பிறகு ஊருக்குப் போவதானால் டிக்கெட் போடும்போதே உங்கள் நிறுவனத்தின் செக்யூரிட்டி அதிகாரியிடம் பதிவுசெய்துவிடுங்கள். போய்வந்து சொல்வது செல்லாது.