வாதக் கட்டுரைகளை மாணவர்களே மதிப்பிட வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழில் வாதக் கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறேன். முதல் வரைவை என்னிடம் தருவதற்குமுன் சக மாணவர் ஒருவர் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வருவதெல்லாம் ‘அருமை’, ‘நன்று’. மிஞ்சினால் ஒற்றுப்பிழைத் திருத்தம். ‘வகுப்பில் கைப்பேசியை தடைசெய்ய வேண்டும், ஏனெனில் அது கவனத்தைக் கெடுக்கிறது’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அகராதியும் பாடக்குறிப்பும் அதில்தானே இருக்கின்றன என்று கேட்க வேண்டிய தோழி, ‘கைப்பேசியை’க்குப் பின் விடுபட்ட ‘த்’தை மட்டும் சுழித்திருக்கிறார்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என வாதத்தின் உறுப்புகள் வருகின்றன: இம்மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. எவ்வளவு தெளிவு! இதை ஒட்டி, ‘கூற்று எது, காரணம் எது, சான்று போதுமா, எதிர்த்தரப்பு என்ன சொல்லும்’ என்று ஒரு கேள்வித்தாள் தயாரிக்க எண்ணுகிறேன்.

பெயரை மறைத்துக் கட்டுரைகளை மாற்றித் தந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நட்பு கெடுமோ என்ற தயக்கம் அதனால் குறைந்ததா? சக மாணவர் எழுதும் கருத்துக்கும் மதிப்பெண் வைக்கலாமா? உங்கள் வகுப்பில் பயன்பட்ட கேள்வித்தாள் இருந்தால் அனுப்பிவையுங்கள். அடுத்த வரைவுக்கே பயன்படுத்திக்கொள்வேன்.