எல்லையோரக் கடைக்கு ஓண விளம்பரம்: தமிழையும் மலையாளத்தையும் எப்படிப் பிரிக்கலாம்?

குழித்துறை_கன்டென்ட்:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். மார்த்தாண்டத்துல ஒரு துணிக்கடைக்கு ஆன்லைன் வேலை மொத்தமும் எங்க மூணு பேர் கையில. ஒருத்தர் தமிழ் எழுதுவார், ஒருத்தர் மலையாளம், விளம்பரமும் கணக்கும் நான். வாடிக்கையாளர்ல பாதி கருங்கல், குலசேகரம், தக்கலை பக்கம். மீதிப் பேர் களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம்.

இப்போ உள்ள நிலை இதுதான். கூகுள் ஆட்ஸ்ல ஒரே கேம்பெய்ன் (விளம்பரத் தொகுப்பு), ரெண்டு மொழித் தலைப்பும் அதுக்குள்ளயே. ஆடித் தள்ளுபடி போஸ்ட் அப்படியே மலையாளத்துக்கு மாறிப் போகுது. அனலிட்டிக்ஸ்ல ஊர் வாரியா பார்த்தா சென்னையும் கொச்சியும் மேல நிக்குது. அங்கேயிருந்து கடைக்கு யாரும் வர்றதில்ல. எஸ்எம்எஸ் பில் அனுப்பின எண்ணிக்கையைப்போல மூணு மடங்கு. எந்த மொழி விளம்பரம் ஆளைக் கொண்டு வருதுன்னு முதலாளி கேட்டா சொல்ல வழியில்ல. பட்ஜெட் சின்னது. ஓணத்துக்கு முன்னால எதை முதல்ல கையில எடுக்கணும்?

பாறசாலை_ஆட்ஸ்:

அந்த ஒரே கேம்பெய்னை இன்றைக்கே உடைங்க, மற்றதெல்லாம் பிறகு.

ரெஸ்பான்சிவ் சர்ச் விளம்பரத்தில் (கூகுள் தேடலில் வரும் எழுத்து விளம்பரம்) 15 தலைப்பு, 4 விவரணை வரை கொடுக்கலாம். கூகுள் அதிலிருந்து ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 தலைப்பும் 2 விவரணையும் எடுத்துக் கோர்க்கும். எதை எதோடு சேர்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் முதல் தலைப்பு மலையாளத்திலும் அடுத்தது தமிழிலும் வந்து நிற்கும். ரெண்டு பக்கத்து ஆளும் ‘இது நமக்கில்லை’ என்று தாண்டிப் போவார்கள். ‘பின்’ (pin) வசதியால் ஒரு தலைப்பை ஒரே இடத்தில் கட்டிப்போடலாம்தான், ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் செய்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கும் வசதியே போய்விடும். மொழிக்கு ஒரு விளம்பரம், ஒரு விளம்பரத்தில் ஒரே மொழி. இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்தது இடம். எல்லையில் ரேடியஸ் வட்டம் போடாதீர்கள். மார்த்தாண்டத்தை நடுவில் வைத்து 20 கிலோமீட்டர் போட்டால் பாறசாலையும் உள்ளே வந்துவிடும். நெய்யாற்றின்கரையை வைத்துப் போட்டால் களியக்காவிளை உள்ளே வரும். இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தில் எந்த கேம்பெய்ன் காட்டும் என்று சொல்ல முடியாது. மாவட்டப் பெயரை வைத்துப் பிரியுங்கள்: ஒன்று கன்னியாகுமரி மாவட்டம், திருவனந்தபுரம் விலக்கு. மற்றது திருவனந்தபுரம் மாவட்டம், கன்னியாகுமரி விலக்கு. விலக்கைப் போட மறந்தால் பிரித்ததில் பாதிப் பயன் போச்சு.

இட அமைப்பில் கீழே மடங்கிக் கிடக்கும் ஒரு தேர்வு உண்டு. தானாக இருப்பது ‘அங்கே இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டியவர்கள்’. அதை ‘அங்கே இருப்பவர்கள்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா தேடும் டெல்லிக்காரர் வரை உங்கள் காசு போகும்.

தலைப்பின் நீளத்தையும் கவனியுங்கள். 30 எழுத்து வரம்பு என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘தள்ளுபடி’ நமக்கு 5 எழுத்து, அங்கே 8. ‘மார்த்தாண்டம்’ நமக்கு 7, அங்கே 13. ‘ஓணம் செட் முண்டு, மார்த்தாண்டம்’ என்று போட்டால் 31 ஆகிவிடும், ஏற்காது. காற்புள்ளியை எடுத்தால் சரியாக 30. எழுதுகிறவரிடம் வரம்பு 30 என்று சொல்லாமல் ‘17, 18 எழுத்துக்குள் எழுதுங்கள்’ என்று சொன்னால் திருத்தி அனுப்பும் வேலை குறையும்.

தக்கலை_செல்வி:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். மாவட்டத்தைப் பிரித்தது சரி, ஆனால் மாவட்டம் பிரிந்த இடத்தில் மொழி பிரியவில்லை. 1956 நவம்பர் 1 வரை நம்ம விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தவை. வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படித்த குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனையோ. அந்தப் பக்கம் திருவனந்தபுரம் நகரத்திலேயே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே கன்னியாகுமரி கேம்பெய்னில் எழுத்து தமிழாக இருக்கட்டும், சரக்கில் செட் முண்டும் (கேரளப் பெண்களின் இரண்டு துண்டு உடை) கசவும் (ஜரிகைக் கரைத் துணி) கண்டிப்பாக இருக்கட்டும். விளவங்கோட்டு வீடுகளில் ஓணக்கோடி (ஓணத்துக்கான புதுத்துணி) எடுக்கிறார்கள். ‘தமிழ்ப் பக்கம்தானே’ என்று அந்தப் பொருளை விட்டுவிடாதீர்கள்.

தேடுகிறவர்களில் கணிசமானோர் தமிழ் எழுத்திலும் தட்டுவதில்லை, மலையாள எழுத்திலும் தட்டுவதில்லை. ஆங்கில எழுத்தில், அவரவர் உச்சரிக்கிற மாதிரி. வாரம் ஒரு தடவை தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, வந்த எழுத்துக்கூட்டல்களை அப்படியே எடுத்துக் கீவேர்டில் சேருங்கள். ‘வேலை வாய்ப்பு’, ‘மொத்த விலை’, ‘தையல் வகுப்பு’ மாதிரி வந்து விழுவதை நெகட்டிவ் பட்டியலுக்கு (விளம்பரம் காட்டக் கூடாத தேடல் சொற்கள்) தள்ளுங்கள். சின்ன பட்ஜெட்டுக்கு இந்த ஒரு பழக்கம் பெரிய சேமிப்பு.

நெய்யாற்றின்கரை_சேச்சி:

மலையாளம் எழுதுற ஆள் பக்கத்திலிருந்து சொல்றேன். ஆடித் தள்ளுபடியை மொழிபெயர்த்துப் போடுறதை நிறுத்துங்க. தமிழில் ஆடி, இங்கே கர்க்கடகம். மாசம் ஒண்ணு, மனநிலை வேற. கர்க்கடகத்துல ராமாயண வாசிப்பு, மருந்துக் கஞ்சி, வாவு பலி (அமாவாசைத் தர்ப்பணம்) என்று போகும் வீட்டுக்கு ‘அள்ளிட்டுப் போங்க’ன்னு போஸ்ட் போனா ஒட்டாது. பெரிய கடைங்க ஆடி சேல் போடத்தான் செய்யுது, இல்லன்னு சொல்லல. ஆனா சின்ன பட்ஜெட் இருக்கிறவங்க அந்தக் காசைச் சிங்ஙத்துக்கு (தமிழில் ஆவணி) வைக்கிறதுதான் நல்லது.

தமிழ்ப் பக்கம் ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்தா கல்யாண முகூர்த்தம், பட்டுப் புடவை. கேரளப் பக்கம் அதே மாசம் ஓணம். ஆக ஒரே வாரத்துல ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற சரக்கு, வேற வேற படம். மாடல் போட்டோ ஒண்ணை வெச்சு ரெண்டு மொழியில எழுத முடியாது. ஷூட்டிங் நாளை இதுக்கேத்த மாதிரி முதல்லயே பிரிச்சு வைங்க.

அத்தத்துல இருந்து திருவோணம் வரை பத்து நாள். குடும்பத்துக்கு எடுக்கிறவங்க அந்தப் பத்து நாள்ல வருவாங்க. ஆனா காலேஜ், ஆபீஸ் ஓணக் கொண்டாட்டத்துக்கு ஒரே நிறத்துல கூட்டமா எடுக்கிறவங்க அதுக்கு மூணு நாலு வாரம் முன்னாலயே தேட ஆரம்பிப்பாங்க. அவங்களுக்கு வேண்டிய விவரம் விலை மட்டுமில்ல: ஒரே நிறத்துல எத்தனை எண்ணம் கிடைக்கும், எத்தனைக்கு மேல எடுத்தா என்ன விலை, பிளவுஸ் துணி சேர்ந்து வருமா, கரை எத்தனை இஞ்ச். இந்த நாலும் கேப்ஷன்ல மேலேயே வரணும். இன்ஸ்டாவுல ‘மேலும்’ அழுத்துறதுக்கு முன்னால ஏறக்குறைய 125 எழுத்துதான் தெரியும்.

முக்கியமா இதைக் கேளுங்க. பாலராமபுரம் புவிசார் குறியீடு உள்ள கைத்தறி. விசைத்தறியில் வந்த கசவுப் புடவைக்கு ‘பாலராமபுரம்’னு தலைப்பு போடக் கூடாது, 1999-ம் வருஷச் சட்டப்படி அது குற்றம். கடையில ‘எல்லாம் பாலராமபுரம்தான்’னு வாயால சொல்வாங்க. எழுதுறவங்க அதை நம்பி எழுதாம, எந்தச் சங்கத்துல எந்த நெசவாளர்கிட்ட வாங்கினதுன்னு பில்லைக் கேட்டுப் பாருங்க. பில் இல்லன்னா ‘கசவுப் புடவை’ன்னு மட்டும் எழுதுங்க. நெசவாளரோட கூலி அந்தப் பேருக்குள்ளதான் இருக்கு.

விலையும் அளவும் ஒரே ஷீட்ல ஒருத்தர் மட்டும் நிரப்பணும். தமிழ் ஆளும் மலையாள ஆளும் அதுல இருந்து எடுத்து எழுதணும். தமிழ் போஸ்ட்ல ஒரு விலை, மலையாளத்துல வேற விலைன்னு வந்தா பில் போடுற இடத்துல சண்டை, அந்தச் சண்டை ரிவ்யூவுல வந்து விழும்.

நாகர்கோவில்_டிசைன்:

சுருக்கமா டிசைன் பக்கம்.

டிடிபி கடையில் வாங்குற தமிழ் மேட்டர் பாமினி, மலையாளம் கார்த்திகா மாதிரி பழைய எழுத்துருவில் வரும். அதை நகலெடுத்து ஃபேஸ்புக்கில் ஒட்டினால் கோடும் குறியுமாக நிற்கும். யூனிகோடில் கேட்டு வாங்குங்க. மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனா மாற்றினதும் ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ ஏறியிருக்கும், ‘ௌ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வும் தனியா நிற்கும். கண்ணால் படித்தால் தெரியாது, தேடினால் கிடைக்காது.

மலையாளத்திலும் இதே கதை. சில்லு எழுத்துகள் (தமிழில் புள்ளி வைத்த மெய் மாதிரியானவை) 2008-ல் யூனிகோடில் தனி எழுத்தாக வந்தன. அதுக்கு முந்தைய முறையிலும் இன்னும் சிலர் தட்டுறாங்க. ரெண்டும் பார்க்க ஒண்ணு, ஹேஷ்டேக் வேற வேற. உங்க டீம்ல எல்லாரும் ஒரே கீபோர்டு வைங்க, ஹேஷ்டேக்கை ஷீட்ல இருந்து மட்டும் நகலெடுங்க.

ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ எழுதினா கொம்பு இடம் மாறி நின்னா எழுத்துருவைக் குறை சொல்லாதீங்க. பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க, சரியாகும். மலையாளக் கூட்டெழுத்து கீழே இறங்கும்; தமிழுக்கு வைத்த வரி இடைவெளி அதுக்குப் போதாது. தமிழ் டெம்ப்ளேட்டில் எழுத்தை மட்டும் மாற்றாமல் இடைவெளியையும் கூட்டுங்க.

கொல்லங்கோடு_எஸ்எம்எஸ்:

பில் மூணு மடங்கு வர்ற காரணம் இதுதான். ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தா ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழோ மலையாளமோ ஒரு எழுத்து வந்தாலும் முழு செய்தியும் யூனிகோடாகி வரம்பு 70 ஆயிடும். 70 தாண்டினா துண்டுக்கு 67 வீதம் எண்ணுவாங்க. 140 எழுத்துத் தமிழ்ச் செய்தி மூணு எஸ்எம்எஸ் காசு.

இதுல பலரும் கவனிக்காதது ₹ குறி. முழுக்க ஆங்கிலமா 150 எழுத்து எழுதிட்டு விலைக்கு முன்னால ₹ போட்டா அதுவும் யூனிகோடு, அதுவும் மூணு துண்டு. ஆங்கிலத்துலயே ரூபாய்ச் சுருக்கத்தை எழுதுங்க. வேர்டில் இருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் அப்படித்தான்.

டிஎல்டியில (வணிக எஸ்எம்எஸ்ஸை முன்கூட்டியே பதியும் தளம்) பதிஞ்ச டெம்ப்ளேட்டும் அனுப்புற செய்தியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், ஒரு இடைவெளி கூடினாலும் தடுத்துடும். லிங்க் வைக்கிறதா இருந்தா அதையும் முன்கூட்டியே வெள்ளைப் பட்டியலில் சேர்க்கணும். 2024 அக்டோபர்ல இருந்து இது கட்டாயம். ஓண வாரத்துல பதிய உட்கார்ந்தா வேலைக்காகாது.

வாட்ஸ்ஆப் பிசினஸ் ஆப்ல பிராட்காஸ்ட் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர். உங்க நம்பரைச் சேமிச்சு வெச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பில் கவுண்டர்ல ‘நம்பர் சேவ் பண்ணிக்கோங்க’ன்னு கேட்டு, அங்கேயே தமிழா மலையாளமான்னு கேட்டு லேபிள் போடுங்க. எந்த மாவட்டம்னு பார்த்து நாமே மொழியை முடிவு பண்றதைவிட இது மேல்.

குழித்துறை_கன்டென்ட்:

எல்லாருக்கும் நன்றி. சேச்சி சொன்ன பில் விஷயத்தை இன்னைக்கே கேக்குறேன். ரெண்டு சந்தேகம் மிச்சம். வெப்சைட்ல ஆள் இருக்கிற ஊரைப் பார்த்துத் தானா மொழி மாற வைக்கலாமா? அப்புறம் அந்தச் சென்னை, கொச்சி கணக்கு?

செங்கோட்டை_அனலிட்டிக்ஸ்:

ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான் தம்பி. அனலிட்டிக்ஸ் ஊரைக் கணிக்கிறது ஐபி முகவரியை வைத்து. மொபைல் டேட்டாவில் வரும் ஆளின் ஐபி, நெட்வொர்க் வெளியே போகும் பெரிய நகரத்தைக் காட்டும். அதனால் கருங்கல்காரர் சென்னையாகவும் பாறசாலைக்காரர் கொச்சியாகவும் தெரிவார். எல்லையில் இந்தப் பக்கத்து போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிப்பதும் உண்டு. இதை நம்பி மொழியைத் தானாக மாற்றினால் தவறான ஆளுக்குத் தவறான பக்கம் போகும். கூகுளின் தேடல் பாட் (பக்கங்களைப் படித்துப் பட்டியலிடும் நிரல்) பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால் ஒரு மொழிப் பக்கத்தை அது பார்க்காமலே போகலாம். தமிழுக்கு ஒரு முகவரி, மலையாளத்துக்கு ஒரு முகவரி, மேலே தெளிவாக ஒரு மொழிப் பொத்தான். ஹெச்ரெஃப்லாங் குறியை (எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்வது) இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று சுட்டும்படி போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் கூகுள் கணக்கில் எடுக்காது.

விற்பனைக் கணக்குக்குப் பின்கோடு போதும். கன்னியாகுமரி 629, திருவனந்தபுரம் 695, முதல் மூன்று இலக்கம். (எங்கள் பக்கத்தில் தென்காசிக்கு 627, மலை தாண்டிப் புனலூருக்கு 691, இதே வழிதான்.) ஆன்லைன் ஆர்டரில் அது தானாக வரும், கடை பில்லில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஷீட்டில் லெஃப்ட் ஃபார்முலாவால் மூன்று இலக்கத்தைப் பிரித்து பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டால் முதலாளி கேட்கும் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, எந்த விளம்பரம் என்பது. வெப்சைட் லிங்குக்கு யூடிஎம் (எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்கின் கடைசியில் சேர்க்கும் குறிப்பு) வையுங்கள். கேம்பெய்ன் பெயரிலேயே மொழியும் இருக்கட்டும், எல்லாம் சின்ன எழுத்தில். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்தால் அறிக்கையில் இரண்டு வரியாகப் பிரியும். வாட்ஸ்ஆப் லிங்கில் யூடிஎம் வேலை செய்யாது. அங்கே முன்கூட்டி நிரப்பிய செய்தியின் கடைசியில் ஒரு குறியீடு வையுங்கள்: தமிழ் இன்ஸ்டாவுக்கு த1, மலையாள இன்ஸ்டாவுக்கு ம1. ஆள் அனுப்பும்போதே குறியீடும் வந்து சேரும், லேபிள் போட்டு எண்ணலாம்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜிஏ4-ல் (இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸ்) டேட்டா ரிட்டென்ஷன் (விவரத்தை வைத்திருக்கும் காலம்) தானாக 2 மாதத்தில் இருக்கும். நிர்வாகப் பகுதியில் அதை 14 மாதமாக்குங்கள். ஏற்கெனவே அழிந்தது திரும்பாது. எக்ஸ்ப்ளோரேஷனில் (ஜிஏ4-ன் விரிவான ஆய்வு அறிக்கை) இந்த ஓணத்தை அடுத்த ஓணத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் அத்தம் தொடங்கும் முன்பே இது மாறியிருக்க வேண்டும். சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் உங்கள் தளம் வந்த கணக்கைக் காட்டும் கருவி) 16 மாதம் வைத்திருக்கும். போன ஓணத்தில் என்ன எழுத்துக்கூட்டலில் தேடி வந்தார்கள் என்பதை இப்போதே இறக்கி, செல்வி அக்கா சொன்ன கீவேர்டு பட்டியலுக்குக் கொடுங்கள்.