புதுப்பிப்பு: பின்பக்கம் சுற்றிக்கொண்ட பக்கி

வளைவிலிருந்து வெளியே வரும்போது என் 1/10 அளவு ரிமோட் பக்கி (மண்தரையில் ஓட்டும் குட்டி ரேஸ் கார், பின்சக்கர இழுவை) புழுதியில் அப்படியே சுற்றி வந்த வழியைப் பார்த்து நிற்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். புது டயர் போடு என்றவர்களே அதிகம். போடவில்லை.

முதலில் பின் ஷாக்குகளை, அதாவது அதிர்வு தாங்கும் எண்ணெய்க் குழாய்களை, கழற்றினேன். ஒன்றில் எண்ணெய் பாதிதான். அமுக்கினால் 'புளுக்' என்று காற்று. தப்பு என்னுடையது, குமிழி போகும்வரை பொறுக்காமல் மூடியிருக்கிறேன். இந்த முறை எண்ணெயை நிரப்பி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மூடினேன். எண்ணெயும் 35-லிருந்து 30 வெயிட்டுக்கு, அதாவது கொஞ்சம் நீர்த்ததாக, இறங்கியது. பேட்டரியைச் சற்றுப் பின்னால் தள்ளினேன். அப்புறம் ஸ்லிப்பர் கிளட்ச் (மோட்டார் திடீரென இழுத்தால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும் பாகம்) நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும், த்ராட்டில் கொடுத்தவுடன் சக்கரம் சும்மா சுழல்வது நன்றாகக் குறைந்தது.

சரி, இனி வேகம் என்று பினியனில் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) 2 பல் கூட்டினேன். ஐந்தே நிமிடத்தில் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. பழைய பினியனே திரும்ப ஏறியது. பற்களின் இடைவெளியைப் பார்க்க, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் அதற்கும் நடுவே ஒரு துண்டுத் தாளைச் செருகி மாட்டினேன்.

வளைவில் இப்போது சுற்றுவதில்லை. முன்பக்கம் கொஞ்சம் அகலமாகப் போகிறது. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.