ஹீட் மீற்றர் ஏறுகிறது, தண்ணீரும் குறைகிறது - வாட்டர் பம்பா? அவசரம்

கல்முனைப்_பொடியன்:
காக்காமார், அண்ணாமார், அவசரம். கார் ஹீட் ஆகிறது. காலையில் தண்ணீர் நிரப்பி ஓடினால் பின்னேரம் குறைந்து கிடக்கிறது, ஆனால் நிறுத்தின இடத்தில் நிலத்தில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. ஒரு கராஜில் காட்டினேன், ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) கழற்றவேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் வாட்டர் பம்ப் என்கிறார். வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போயே ஆகவேண்டும். என்ன செய்ய?

செங்கலடி_வேன்:
என்ன கார் தம்பி? என்ன எஞ்சின்?

வாவிக்கரை:
ஓடும்போது ஏறுகிறதா, நிற்கும்போதா? சந்தி நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட வெளிக்கிட்டதும் இறங்கினால் ரேடியேற்றர் ஃபேனைப் பார். ஓட ஓட ஏறினால் தண்ணீர் சுற்றவில்லை, இல்லாவிட்டால் ரேடியேற்றர் அடைப்பு. அதோடு என்ன ஊற்றுகிறாய், கூலன்டா தண்ணீரா?

பழைய_டிரைவர்:
இவ்வளவு கதை எதற்கு. ரேடியேற்றருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி மகன். நமது ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை, குளிர் நாட்டுக்காரன் தனக்காக வைத்தது.

அம்பாறை_ரோட்:
பம்ப் என்றால் டைமிங் பெல்ட்டையும் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கிற பெல்ட்) சேர்த்து மாற்று. ஒரே கூலி. என்னுடைய மச்சான் பம்பை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த மாதமே பெல்ட் அறுந்து நடுவழியில் நின்றார்.

பத்தாம்_நம்பர்:
கார் என்னவென்றே தெரியாது, அதற்குள் மருந்து எழுதியாகிவிட்டது. இதே கேள்வி மாதா மாதம் வருகிறது, பழையதைத் தேடி வாசிக்க ஒருவருக்கும் நேரமில்லை, பதில் சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது. தம்பி, கார், எஞ்சின், எப்போது ஏறுகிறது, சத்தம் ஏதும் வருகிறதா, இவ்வளவையும் சொல். பிறகு பார்ப்போம்.

கல்முனைப்_பொடியன்:
சொறி காக்கா. கொரோல்லா 121, பெட்ரோல், ஜப்பான் இறக்குமதி. ஓடும்போதுதான் ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பெல்ட் பக்கம் கர்ர் என்று ஒரு சத்தம். ஊற்றுவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

வாவிக்கரை:
கல்முனைக் கிணற்று உப்புத் தண்ணீரா? சரிதான். வேறென்ன வேண்டும்.

பத்தாம்_நம்பர்:
இப்போது பேசலாம். ஜப்பான் 121 என்றால் பெரும்பாலும் 1என்இசட் எஞ்சின். அதில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். (அம்பாறை_ரோட் கவனிக்கவும்.) பம்ப் வெளியே இருக்கிறது, ஃபேன் பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது.

எஞ்சின் நன்றாக ஆறினபிறகு வலது முன் சில்லையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்று. டோர்ச் அடித்து பம்ப் புலிக்கு (பெல்ட் ஓடுகிற சக்கரம்) பின்னால் பார். பம்பின் உடம்பில் ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் போனால் அது பேரிங்குக்குள் இறங்காமல் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே விட்ட துளை அது. இலேசான கறை இருந்தால் பயமில்லை. அதிலிருந்து கீழே வெள்ளையாக உப்புப் பூத்துக் கோடு இறங்கியிருந்தால் சீல் முடிந்தது. ஓடும்போது ஒழுகுவது சூட்டில் காய்ந்துவிடும், மிச்சத்தை பெல்ட் தூவிவிடும், நிலத்தில் ஈரம் தெரியாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பெல்ட்டைத் தளர்த்திப் புலியைப் பிடித்து ஆட்டிப் பார். ஆடக்கூடாது, சுற்றினால் கரகரக்கக்கூடாது.

ஹெட் என்றவர்களிடம் எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேள். ஆறின எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் குமிழி நிற்காமல் வருகிறதா? ஒயில் மூடிக்கு அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் களி இருக்கிறதா? ஹெட் பழுதுக்கு இவைதான் அடையாளம், இரண்டும் இல்லையென்றால் ஹெட்டில் இப்போது கைவைக்க விடாதே.

பழைய_டிரைவர்:
நான் டொல்பின் வேனில் இத்தனை வருடம் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். தெர்மோஸ்டாட்டும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

வாவிக்கரை:
டொல்பின் எஞ்சின் புளொக் இரும்பு அண்ணே. இந்த 1என்இசட் புளொக் அலுமினியம். கூலன்ட் கொதிநிலையை ஏற்றுவதற்கு மட்டுமில்லை, துரு அரிப்பைத் தடுக்கவும்தான். உப்புத் தண்ணீர் பம்ப் சீலையும் விடாது.

பத்தாம்_நம்பர்:
தெர்மோஸ்டாட் 82 பாகை அளவில் திறக்கும். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கம்பியூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி அடிக்கும். பல எஞ்சின்களில் ரேடியேற்றரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி வரும். ஏற்றத்தில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பழைய_டிரைவர்:
புத்தகம் வாசித்து வண்டி ஓட்டுகிற காலம்.

செங்கலடி_வேன்:
அண்ணைமார் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பொடியன் பதுளைக்குப் போகவேண்டும். தம்பி, இந்த நிலையில் லுணுகலை, பசறை ஏற்றத்தில் ஏறவேண்டாம். உம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போ, இல்லாவிட்டால் வேறு வாகனம் பிடி. சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே திறக்காதே.

கல்முனைப்_பொடியன்:
துளைக்குக் கீழே வெள்ளைக் கோடு இருக்கிறது. புலியும் ஆடுகிறது. குமிழி இல்லை. பம்ப் எங்கே வாங்க? செகண்ட் ஹான்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

பத்தாம்_நம்பர்:
பழைய பம்ப் வாங்காதே, அதன் சீலுக்கு என்ன வயது என்று விற்கிறவனுக்கும் தெரியாது. புதுசு, நல்ல ஜப்பான் பிராண்ட். இங்கே இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பாட்ஸ் கடைகளில் சொல்லி பஸ்ஸில் போடச் சொல். புலி போல்ட்களை பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே இளக்கிவிடு, பெல்ட்டைக் கழற்றினபிறகு புலி கூடவே சுற்றும், கெட்ட வார்த்தைதான் வரும். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் பழைய கஸ்கெட்டை அலுமினியம் கீறாமல் சுரண்டு. புது கஸ்கெட்டுக்கு மேலே சிலிக்கனைப் பூசாதே, பிதுங்கி உள்ளே விழுந்து ரேடியேற்றருக்குப் போகும். பம்ப் போல்ட்கள் சின்னவை, 11 நியூட்டன்-மீற்றர் இறுக்கம் போதும். பெல்ட் நனைந்திருந்தால் அதையும் மாற்று. கடைசியில் கூலன்ட் விட்டு, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஃபேன் போடும்வரை ஓடவிட்டு, குறையக் குறைய நிரப்பு. உள்ளே காற்று அடைபட்டு நின்றால் புது பம்பிலும் ஹீட் ஆகும்.

அம்பாறை_ரோட்:
செயின் என்றாலும் ஒருநாள் மாற்றத்தானே வேண்டும்?

பத்தாம்_நம்பர்:
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கல்முனைப்_பொடியன்:
மாற்றியாச்சு. சத்தம் இல்லை, முள்ளு பாதிக்குக் கீழேயே நிற்கிறது. உம்மாவோடு பஸ்ஸில்தான் போனோம். ஜஸாகல்லாஹ் எல்லாருக்கும்.

வாவிக்கரை:
கூலன்ட்தானே ஊற்றினாய்?

செங்கலடி_வேன்:
பம்ப் எந்தக் கடையில், என்ன விலை? எனக்கும் ஒன்று வேண்டும்.

பழைய_டிரைவர்:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் இவ்வளவு செலவே இல்லை.