மருத்துவத்தில் முனைவரான ஜேம்ஸ் லவ்லாக் காற்றை அளக்கப் போனது எப்படி?

முதுகலை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லவ்லாக் 1941இல் மான்செஸ்டரில் வேதியியல் பட்டமும், 1948இல் லண்டனில் மருத்துவத் துறையில் முனைவர் பட்டமும் பெற்று, பிற்காலத்தில் காற்று மாசை ஆராய்ந்தவர் என்று படித்தேன். அடிக்கடி துறை மாறுகிறவர்கள் எதிலும் ஆழம் காண்பதில்லை என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். இவருடைய மருத்துவ ஆய்வுக்கும் ஓசோன் படலம் சிதைந்த விவகாரத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

எச்ச ஆய்வகர்:
நேரடித் தொடர்பு உண்டு. உயிரணுக்கள் உறைந்து உருகும்போது ஏன் சாகின்றன என்பதை அவர் 1950களில் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ந்தார். உறையவைத்த வெள்ளெலிகளை உயிர்ப்பிக்கச் சூடான கரண்டியை மார்பில் வைத்தபோது தோல் வெந்துபோனதால், வானொலி அலைகளால் சூடேற்றும் அமைப்பை அவரே உருவாக்கினார். உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களை அளக்க, அதே நிறுவனத்தில் கலவையின் கூறுகளை வாயு நிலையில் பிரித்தறியும் வாயு குரோமடோகிராஃபியை உருவாக்கிய ஆர்ச்சர் மார்ட்டின் குழுவை அணுகினார். மாதிரி போதாது, கூடுதலாகக் கொண்டுவாருங்கள் அல்லது இதைவிட நுட்பமான உணர்கருவியைச் செய்யுங்கள் என்றார்கள். அவர் கருவியைச் செய்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1957இல் பிறந்ததுதான் நாங்கள் ஈசிடி என்று சொல்லும் எலக்ட்ரான் கேப்சர் டிடெக்டர்.

இன்றைய கருவிகளில் நிக்கல்-63 தகடு வெளியிடும் பீட்டா துகள்கள் நைட்ரஜனில் எலக்ட்ரான்களை விடுவித்துச் சீரான மின்னோட்டத்தைத் தருகின்றன. குளோரின் உள்ள சேர்மம் வந்தால் அந்த எலக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ள, மின்னோட்டம் குறைகிறது. கத்தரிக்காய்ச் சாற்றில் ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தினாலே டிடிடி பூச்சிக்கொல்லியின் எச்சம் தெரிந்துவிடும். பக்கத்து மேசையில் யாராவது குளோரோஃபார்ம் புட்டியைத் திறந்தால்கூட, மாதிரி இல்லாதபோது கருவி வரையும் அடிக்கோடு மேலேறிவிடுகிற அளவுக்கு நுட்பமானது.

வளிமண்டல ஆய்வர்:
மேற்சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோடையில் படர்ந்த மங்கல் தொழிற்சாலைப் புகையா என்று அறிய, மனிதர் மட்டுமே தயாரிக்கும், குளோரினும் ஃபுளோரினும் உள்ள சிஎஃப்சி-11 என்ற வாயுவை அடையாளமாக வைத்து அதே கருவியால் அளந்தார். அட்லாண்டிக்கிலிருந்து வந்த தெளிந்த காற்றிலும் அது இருந்தது. அரசு நிதி மறுக்கப்பட்ட பிறகும், தானே செய்த கருவியோடு 1971இல் ஷேக்கில்டன் என்ற ஆய்வுக் கப்பலில் தெற்கு நோக்கிப் பயணித்தார். அந்தப் பயணத்தில் அளந்த இடமெல்லாம், லட்சம் கோடியில் சுமார் 50 பங்கு என்ற அளவில் அந்த வாயு கிடைத்தது. இதைக் கேள்விப்பட்ட வேதியியலாளர் ரோலண்ட், மோலினாவுடன் சேர்ந்து 1974இல் இவ்வகை வாயுக்களால் நேரும் ஓசோன் சிதைவை விளக்கினார்; 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

ஆனால் தங்கள் ஆசிரியர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். இந்தச் சேர்மங்களால் ஆபத்து எதுவும் இல்லை என்று 1973 கட்டுரையில் லவ்லாக்கே எழுதினார். புற ஊதாக் கதிரில் அந்த மூலக்கூறு உடைந்து குளோரினை விடுவிக்கும் என்பதை ஒளிவேதியியலில் ஊறியவர்கள்தான் கண்டார்கள். அளவீடு அவருடையது, அதன் பொருள் அவர்களுடையது என்பதே என் கருத்து.

முதுகலை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் துறையிலும் ஓர் ஈசிடி பயன்படாமல் கிடக்கிறது. அதைக் கொண்டு ஏரி நீரில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

எச்ச ஆய்வகர்:
உள்ளே கதிரியக்கத் தகடு இருப்பதால் டிடெக்டரைத் திறக்கவே கூடாது. கதிரியக்கப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். பிறகு நைட்ரஜன் குழாயில் உள்ள ஈரப்பத, ஆக்சிஜன் வடிகட்டிகளைப் புதிதாக மாற்றி, மாதிரி எதுவும் செலுத்தாமல் ஓர் இரவு முழுவதும் வாயுவை ஓடவிட்டு, காலையில் அடிக்கோடு எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.